பட்டியல் எடுத்தாயிற்று, அடுத்து என்ன? ஊராட்சியின் பேரிடர்த் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள்

நாகப்பட்டினம் மாவட்டக் கடலோர ஊராட்சி ஒன்றின் செயலர் கேட்டிருக்கும் கேள்வி இது: "சுமார் 4,000 பேர் வாழும் எங்கள் ஊராட்சிக்குப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறோம். மாற்றுத்திறனாளிகள் பட்டியல் தயாராக இருக்கிறது, 58 பேர். புயல் பாதுகாப்பு மையத்துக்கு நாலு சக்கர நாற்காலி வாங்கலாம் என்று பேச்சு. இது போதுமா? வேறு என்ன செய்ய வேண்டும்?"

நாற்காலியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பட்டியல் எடுத்தது நல்ல தொடக்கம்தான். ஆனால் வி.ஏ.ஓ. அலுவலக பீரோவில் இருக்கும் பட்டியல் யாரையும் தூக்கிக்கொண்டு ஓடாது. அந்த 58 பெயருக்கும் நேரே நாலு விஷயம் எழுதியிருக்க வேண்டும்: யார் வருவார், எதில் ஏற்றுவார், எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார், எந்த நேரத்தில் கிளம்புவார். இந்த நாலையும் சம்பந்தப்பட்டவரிடமே உட்கார்ந்து கேட்டுத்தான் எழுத வேண்டும். நீங்கள் கேட்ட "வேறு என்ன" என்பதற்கு என் பதில் இதுதான். கீழே இருப்பதெல்லாம் அதற்கான விவரம்.

ஜப்பானைப் பாருங்கள். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் பாதிக்கப்பட்ட பகுதிகளில், மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் மற்றவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. ஒத்திகை, சைரன், கடல் சுவர் எல்லாம் உள்ள நாடு அது. 2013-ல் பேரிடர்ச் சட்டத்தைத் திருத்தி, வெளியேற உதவி தேவைப்படுவோரின் பதிவேட்டை ஒவ்வொரு உள்ளாட்சியும் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். பதிவேடுகள் உருவாயின. ஆனால் பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் ஆள் வெளியேறிவிட மாட்டார் என்பது அடுத்தடுத்து வந்த வெள்ளங்களில் தெரிந்தது. 2021-ல் மறுபடியும் திருத்தி, ஒவ்வொரு நபருக்கும் தனித்தனி வெளியேற்றத் திட்டம் எழுத உள்ளாட்சிகள் முயல வேண்டும் என்று சேர்த்தார்கள். அவர்கள் எட்டு ஆண்டு கழித்து வந்து சேர்ந்த இடத்தில் நீங்கள் இந்த வருடமே தொடங்கலாம்.

முதலில் உங்கள் 58 என்ற எண்ணைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்தக் கணக்குப்படி 4,000 பேரில் 65 பேர் வருவார்கள். உலக சுகாதார நிறுவனமோ உலக மக்களில் சுமார் 16 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் ஊரில் 640 பேர். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள், ஒன்றோடொன்று மோதவிட வேண்டாம். ஆனால் 58 என்பது பெரும்பாலும் சான்றிதழ் வாங்கியவர்களின் எண்ணிக்கையாகத்தான் இருக்கும். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பெரியவர், கண்புரை முற்றி அறுவை சிகிச்சைக்குப் போகாத பாட்டி, குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்பதால் சான்றிதழ் வாங்காமல் விட்டவர், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவதை வீட்டார் வெளியே சொல்லாத பெண், இவர்கள் யாரும் அந்த 58-ல் இருக்க மாட்டார்கள். புயல் ராத்திரியில் மருத்துவச் சான்றிதழை யாரும் கேட்கப்போவதில்லை. "தானாக, தனியாக, அரை மணி நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பி மையத்துக்கு வந்துவிட முடியுமா?" என்ற ஒரு கேள்விக்கு முடியாது என்று சொல்லும் எல்லாரும் உங்கள் பட்டியலில் வர வேண்டும்.

இதற்காகப் புதிதாக சர்வே ஒன்றும் எடுக்க வேண்டாம். ஊருக்குள் தகவல் ஏற்கெனவே இருக்கிறது, ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற பணியாளருக்கு எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை என்பது தெரியும். அங்கன்வாடிப் பணியாளருக்குக் குழந்தைகளைத் தெரியும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை வழங்கும் பட்டியல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவிகளை ஒரு மதியம் உட்காரவைத்துத் தெருவாரியாகச் சொல்லச் சொன்னால் மிச்சமும் வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்தப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தனியாக வாழும் பார்வையற்ற பெண்ணின் வீட்டு விலாசம் அதில் இருக்கிறது. இன்னார் வீட்டில் மனநோயாளி இருக்கிறார் என்ற தகவல் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர் சம்மதத்தோடு, அவருக்கு உதவப்போகிறவருக்கு அந்த ஒரு வீட்டின் விவரம் மட்டும் தெரிந்தால் போதும்.

இனி வீட்டுக்கு வீடு உட்காருவது. உங்கள் பகுதியில் தென்னை ஏறி விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் இருப்பார்கள், அப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அவரிடம் "புயல் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் "யாராவது வந்து தூக்குவாங்க" என்பார். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். எப்படித் தூக்க வேண்டும் என்று கேளுங்கள். "தம்பி, தோளைப் பிடிச்சு இழுத்துடாதீங்க. ஒருத்தர் பின்னால நின்னு அக்குளுக்குள்ள கை கொடுக்கணும், இன்னொருத்தர் தொடைக்கு அடியில. பாதம் தரையில உரசக் கூடாது, உரசினா எனக்குத் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சுப் புண்ணாத்தான் தெரியும்" என்று அவரே சொல்லிக்கொடுப்பார். சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறாரா, மாற்றுக் குழாயும் பையும் எத்தனை நாளுக்குக் கையிருப்பு, மையத்தின் சிமென்ட் தரையில் படுத்தால் படுக்கைப் புண் வருமே, அவருடைய மெத்தையையும் எடுத்து வர ஆள் உண்டா, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது யார்? மனைவி என்றால், கைக்குழந்தையை அப்போது யார் வைத்துக்கொள்வார்? வீட்டு வாசல் மணல் என்றால் சக்கர நாற்காலி பத்தடிகூட உருளாது. அப்படியானால் நார்க்கட்டிலோடு தூக்குவதா, டிராக்டர் டிப்பரா? இவ்வளவும் ஒரே ஒரு தாளில் அடங்கிவிடும். ஒரு பிரதி அவர் வீட்டில், ஒன்று உதவியாளரிடம், ஒன்று உங்களிடம். இந்தத் தாள்தான் அவருடைய பேரிடர்த் திட்டம்.

உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பல ஊர்த் திட்டங்கள் கோட்டைவிடுகின்றன. இளைஞர் குழுவில் பத்துப் பேர் பெயரை எழுதிவிட்டு முடிந்தது என்பார்கள். அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள், அல்லது திருப்பூரில் வேலையில் இருப்பார்கள். ஒரே ஆள் நாலு வீட்டுக்குப் பொறுப்பாக இருப்பார், அவர் வீட்டிலும் ஓலைக்கூரை பறந்துகொண்டிருக்கும். ஒரு வீட்டுக்குக் குறைந்தது இரண்டு உதவியாளர், அவர்கள் இல்லாவிட்டால் மூன்றாவது ஆள். நடந்து இரண்டு நிமிடத்தில் வந்து சேரும் தூரத்தில் இருப்பவர்கள். பெண்ணுக்கு உதவியாளர் பெண்ணாக, அல்லது அந்தப் பெண் "இவர் தூக்கலாம்" என்று சொல்லும் ஆளாக இருக்க வேண்டும். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, அதனாலேயே சில பெண்கள் கடைசிவரை "நான் வரலை, நீங்க போங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அதைப் பிடிவாதம் என்று பதிவு செய்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள்.

அடுத்தது நேரம். இந்திய வானிலை ஆய்வு மையம் புயல் வருவதை நாலு கட்டமாகச் சொல்கிறது: ஏறக்குறைய 72 மணி நேரத்துக்கு முன் முதல் கவனிப்பு, 48 மணி நேரத்தில் உஷார், 24 மணி நேரத்தில் எச்சரிக்கை, 12 மணி நேரத்தில் கரை கடந்த பிறகு எங்கே போகும் என்ற நிலவரம். ஊரைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு பொதுவாகக் கடைசிக் கட்டத்தில் வரும், எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். உதவி தேவைப்படுகிறவர் அந்தக் கூட்டத்தோடு கிளம்பக் கூடாது. 48 மணி நேர அறிவிப்பு வந்ததும் எல்லா உதவியாளருக்கும் போன், மாத்திரையும் பையும் சரிபார்ப்பு. 24 மணி நேர எச்சரிக்கை வந்ததும் பகல் வெளிச்சத்திலேயே அவர்களை முதலில் நகர்த்திவிட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நள்ளிரவு தாண்டித்தான் கரை கடந்தது, உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நேரத்தில், அந்தக் காற்றில், இரண்டு பேர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. எனவே "மாலை 4 மணிக்குள்" என்பதைத் திட்டத்தில் விதியாகவே எழுதுங்கள்.

எச்சரிக்கைக்கு நேரமே கிடைக்காத நாளும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. குளங்கள் உடைந்து, சாலைகள் அறுந்து, ஊர்கள் தனித்தனித் தீவுகளாக நின்றன. அப்படிப்பட்ட இரவில் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மையத்தால் எந்தப் பிரயோசனமும் இல்லை. அதனால் ஒவ்வொரு தாளிலும் இரண்டாவது இடம் ஒன்று வேண்டும்: பக்கத்தில் உள்ள மாடி வீடு. அந்த வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி, மாடிப்படியில் கட்டிலையோ நாற்காலியையோ ஏற்ற முடியுமா என்று ஒருமுறை ஏற்றியே பார்த்துவிடுங்கள். படி திரும்பும் இடத்தில் கட்டில் மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

எச்சரிக்கை எல்லாருக்கும் போய்ச் சேருவதில்லை. ஆட்டோவில் மைக் கட்டிப் போகிறீர்கள், மசூதியிலும் கோயிலிலும் சர்ச்சிலும் ஒலிபெருக்கியில் சொல்கிறீர்கள். காது கேளாதவருக்கு இதில் எதுவும் எட்டாது. செல்போனுக்கு எச்சரிக்கைச் செய்தி வரும், ஆனால் படிக்கத் தெரியாத காது கேளாதோர் நம் ஊர்களில் நிறைய. அவர் வீட்டுக்கு ஆள் நேரில் போக வேண்டும், ராத்திரி என்றால் டார்ச் அடித்து எழுப்ப வேண்டும். புயல், வெள்ளம், கிளம்பு, மையம், எவ்வளவு நேரம் என்ற நாலைந்து சைகைகளை உதவியாளர் அவரிடமே கற்றுக்கொள்ளட்டும். பார்வையற்றவருக்குச் செய்தி கிடைத்துவிடும், வழிதான் தொலைந்துபோகும். தினமும் கைத்தடியால் அடையாளம் வைத்திருந்த திண்ணையும் கரண்ட் கம்பமும் கல்வெர்ட்டும் தண்ணீருக்கு அடியில் போய்விடும். அவர் கையைப் பிடித்து இழுக்காமல், அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளும்படி விட்டு, அரையடி முன்னால் நடந்தால் போதும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு "சூறாவளி, மணிக்கு 110 கி.மீ. வேகம்" என்று சொல்லிப் பயனில்லை. மையத்தின் படத்தைக் காட்டி, "நாளைக்கு இங்க தூங்கப் போறோம், அம்மாவும் வருவாங்க" என்று முந்தின நாளே சொல்லிவைத்தால் கிளம்பும்போது அடம் குறையும்.

மையத்துக்கு வருவோம். சாய்தளம் இருக்கிறது என்பீர்கள். அதன் சரிவை அளந்து பாருங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. புயல் மையங்களை உயர்த்திக் கட்டுவதால் தரை மட்டம் ஒன்றரை மீட்டர் என்றால் சாய்தளம் 18 மீட்டர் இருக்க வேண்டும். பல கட்டடங்களில் இடமில்லை என்று பாதி நீளத்தில் முடித்திருப்பார்கள், அதில் சக்கர நாற்காலி ஏறாது, மழை நேரத்தில் இறங்கினால் ஆபத்து. அதைவிடப் பெரிய பிரச்சினை கழிப்பறை. மையத்துக்கு வர மறுக்கிறவர்களில் கணிசமானோர் மறுப்பதற்குக் காரணம் இது ஒன்றுதான், வெட்கப்பட்டு வேறு காரணம் சொல்வார்கள். கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால் மழையில் நனைந்து போகும் தூரத்தில் இருக்கும், கதவு இரண்டடி அகலம், உள்ளே தரையோடு பதித்த இந்தியன் டாய்லெட். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவருமே என்று இரண்டு நாள் வாய் நனைக்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. சக்கர நாற்காலிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு கழிப்பறையின் கதவை 90 செ.மீ. ஆக்கி, கைப்பிடிக் கம்பி பதித்து, இரண்டு கமோடு நாற்காலி வாங்குங்கள். அடுத்து தரைக்குப் பதிலாகப் படுக்க நாலைந்து கட்டில், ஒரு மறைப்புத் திரை, சத்தம் தாங்காத குழந்தைகளுக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும் ஒரு தனி அறை. மிச்சம் இருந்தால் நாற்காலி. எப்படியும் ஒவ்வொருவரும் தன் அளவுக்கான சொந்த நாற்காலியோடும், காலில் மாட்டும் தாங்கியான காலிப்பரோடும், ஊன்றுகோலோடும் வருவதுதான் சரி. "சாமானை விட்டுட்டு வாங்க, ஆள் வந்தா போதும்" என்று அவசரப்படுத்துகிறவர்களுக்கு, அந்தச் சாமான் அவருடைய கால் என்பதைப் பயிற்சியிலேயே சொல்லிவிடுங்கள்.

மனநலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள், 28 பேர் உயிரிழந்தார்கள். தீ அவர்களைத் துரத்தியபோது ஓட முடியாதபடி செய்தது நோய் அல்ல, சங்கிலி. உங்கள் ஊராட்சியில் எந்த வீட்டிலாவது யாரையாவது கட்டிவைத்தோ அறையில் பூட்டிவைத்தோ இருந்தால் புயல் காலம் வரைக் காத்திருக்காதீர்கள். வீட்டாரைத் திட்டிப் பயனில்லை, வழி தெரியாமல்தான் செய்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் இப்போதே அழைத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள். மையத்திலும் "இவரை ஓரமாகப் பூட்டிவையுங்கள்" என்று யாராவது கேட்பார்கள். முடியாது என்பது திட்டத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

மாத்திரை, மின்சாரம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், மனநோய் மாத்திரை நின்றாலும் நிலைமை மோசமாகும். அக்டோபர் தொடங்கும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி, இப்படிப்பட்டவர்களுக்குக் கூடுதலாக இரண்டு வார மாத்திரை கையில் இருக்கும்படி செய்யுங்கள். கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்களில் கரண்ட் வர வாரக் கணக்கில் ஆனது. ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி), மின்சார சக்கர நாற்காலி, பிரிட்ஜில் வைக்கும் இன்சுலின் உள்ள வீடுகள் எவை என்று குறித்து, மையத்தின் ஜெனரேட்டரில் முதல் பிளக் அவர்களுக்கு என்று தீர்மானியுங்கள். ஹீமோபிலியா, தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் மையத்துக்கு வராமல் புயலுக்கு முன்பே மருத்துவமனை உள்ள ஊருக்குப் போய்விடுவது நல்லது.

எழுதியதெல்லாம் சரியா என்று ஒத்திகையில்தான் தெரியும். நம் ஊர் ஒத்திகைகளில் நல்ல கால் உள்ள ஓர் இளைஞரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, போட்டோவுக்குத் தூக்குவார்கள். அவர் தூக்குகிறவர்களுக்கு வசதியாக உடம்பை வளைத்துக் கொடுப்பார். தசைகள் இறுகிப்போன பெருமூளை வாதம் உள்ளவரை அப்படித் தூக்கிவிட முடியாது. உண்மையான ஆளை, அவர் வீட்டிலிருந்து, அவர் வழியில், மையத்தின் கழிப்பறை வரை அழைத்துப் போய்ப் பாருங்கள், கடிகாரம் பிடித்து. அப்போது அவர்களே திட்டத்தைத் திருத்துவார்கள். நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறவருக்குத்தான் எந்தச் சந்து வழியாகத் தண்ணீர் முதலில் வரும் என்பது தெரியும். கரண்ட் போன மையத்தில் இருட்டில் தடுமாறாமல் நடக்கப் பழகியவர் பார்வையற்றவர். நடக்க முடியாவிட்டாலும் போனில் எல்லா உதவியாளரையும் ஒருங்கிணைக்கக்கூடியவர் உங்கள் பட்டியலிலேயே இருப்பார். வங்கதேசத்தின் காய்பந்தா மாவட்டத்தில் ஆண்டுதோறும் வெள்ளம் வரும் ஆற்றோரக் கிராமங்களில் மாற்றுத்திறனாளிகளையே பேரிடர்க் குழுக்களில் உறுப்பினராக்கி, அவர்களைக் கேட்டு வீட்டு மேடைகளையும் பள்ளிக்கூடங்களையும் உயர்த்தினார்கள். பணக்கார நாடு அல்ல, நம்மைவிடத் தண்ணீர் அதிகம் பார்க்கிற ஊர்.

புயல் போன பிறகு நிவாரண வரிசை. டோக்கன் வாங்க மூன்று மணி நேரம் நிற்க முடியாதவருக்குப் பொருள் வீட்டுக்குப் போக வேண்டும், அல்லது தனி வரிசை வேண்டும். உடைந்த நாற்காலி, காணாமல் போன காது கேட்கும் கருவி, நனைந்த அடையாள அட்டை ஆகியவற்றைச் சேதக் கணக்கெடுப்பிலேயே தனியாகக் குறித்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அனுப்புங்கள். குடிசைக் கணக்கோடு சேர்த்தால் அது யார் கண்ணிலும் படாது.

இதற்கெல்லாம் அதிகாரம் எங்கே என்று மேலே யாராவது கேட்டால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 8-ஐக் காட்டுங்கள். இயற்கைப் பேரிடரில் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பு உரிமை உண்டு என்றும், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அவர்களின் விவரப் பதிவேட்டை வைத்திருந்து ஆபத்தை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், சீரமைப்புக் கட்டுமானத்தை அவர்கள் அணுகும்படி செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2019-ல் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளும் வெளியிட்டிருக்கிறது. 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. உங்கள் ஊராட்சிக்கு அந்த உறுப்பினர் வரும்போது பேரிடர்க் குழுவின் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம், ஊரில் உள்ள மாற்றுத்திறனாளிகள் சங்கத்திலிருந்து இருவரை, அதில் ஒருவர் பெண்ணாக, இப்போதே குழுவில் சேர்க்கலாம்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் மூன்று தீர்மானம் வையுங்கள்: தனிநபர் தாள்கள் தயாரிப்பது, கழிப்பறையையும் சாய்தளத்தையும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்ப்பது, வடகிழக்குப் பருவமழைக்கு முன் உண்மையான ஆட்களோடு ஒத்திகை நடத்துவது. கிராம சபை நடக்கும் இடத்துக்கு அவர்கள் வந்து சேர வண்டி ஏற்பாடும் உங்களுடையதே. அக்டோபர் 2 கிராம சபையில் எத்தனை தாள் முடிந்தது, எத்தனை பாக்கி என்று படித்துக் காட்டுங்கள். தீர்மான நகல் வட்டாட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் மூவருக்கும் போகட்டும்.